தோற்றத்துக்கு இருபது

வென்டல் குச்சேராவுக்குக் கூடைப்பந்தைப் பற்றி ஒன்றுமே தெரியாது என்று சொன்னால் அது அநியாயம். பந்து உருண்டையாக இருக்கும் என்று தெரியும். முப்பத்தெட்டு வருஷம் டிராக்டர் உதிரிபாகக் கடையில் நின்று போல்ட்டும் பெல்ட்டும் எடுத்துக் கொடுத்தவர், ஓய்வு பெற்ற மறு வாரமே எங்கள் பக்கத்து ஒன்பது உயர்நிலைப் பள்ளிகளின் கூட்டமைப்பில் நடுவர் பார்வையாளர்களில் ஒருவர் ஆகிவிட்டார். ஆட்டத்தை நடத்த வரும் நடுவர்களைக் கவனித்து நூற்றுக்கு மதிப்பெண் போடுகிற வேலை. அதில் எண்பது அவர்கள் ஆட்டத்தை நடத்தும் விதத்துக்கு, இருபது தோற்றத்துக்கு. அந்த எண்பதை எப்படிப் போடுவது என்று அவருக்கு விளங்கவில்லை. அதனால் எல்லாருக்கும் எழுபது என்று போட்டுவிடுவார். மிச்சமிருந்த இருபதில்தான் தன் மேதாவித்தனம் முழுவதையும் காட்டினார். ஆக, அவர் பார்க்கிற ஆட்டங்களில் நல்ல நடுவர் யார் என்பதை ஐந்து வருஷமாக ஷூ பாலிஷ்தான் முடிவு செய்துகொண்டிருந்தது.

நான் மேவிஸ், அவருக்கு அடுத்த வீட்டுக்காரி. கார்னெட் பள்ளிச் சமையலறையில் இருபத்தாறு வருஷம் வெந்தவள். இப்போது ஆட்ட நாட்களில் உடற்பயிற்சிக் கூடத்து வாசலில் சிற்றுண்டிக் கடை போடுகிறேன். நெப்ராஸ்காவில் பிப்ரவரி மாதம் வெளியே நின்றால் காது கழன்று விழுந்துவிடும். சனங்கள் உள்ளே வந்ததும் முதலில் என் அடுப்பைத்தான் தேடுவார்கள். காலை ஆறு மணிக்கே மாட்டிறைச்சியை வதக்கி, ஊறவைத்த பீன்ஸைப் போட்டு, மிளகாய்த் தூளோடு பெரிய அண்டாவில் சில்லி ஏற்றிவிடுவேன். அது கொதிக்கும் நேரத்தில் மாவைத் தேய்த்து வெண்ணெயும் சர்க்கரையும் இலவங்கப்பட்டையும் தூவிச் சுருட்டி ரொட்டி சுட்டெடுப்பேன். இந்த ரொட்டி இல்லாமல் சில்லியை மட்டும் கேட்கிறவனை நாங்கள் வெளியூர்க்காரன் என்று முடிவு செய்துவிடுவோம்.

அந்தச் சனிக்கிழமை மதியம் வென்டல் என் கடைக்கு எதிரில்தான் நின்றுகொண்டிருந்தார். கையில் அட்டை, பாக்கெட்டில் ஆறு அங்குல எஃகு ஸ்கேல், இன்னொரு பாக்கெட்டில் வெள்ளைக் கைக்குட்டை. ஆட்டம் தொடங்க முக்கால் மணி நேரத்துக்கு முன்னால் மூன்று நடுவர்களும் ஒன்றாக, கறுப்பு மேல்கோட்டுப் போட்டுக்கொண்டு வர வேண்டும். தனித்தனியாக வந்தால் இரண்டு மதிப்பெண் போச்சு. ஷூவில் கைக்குட்டையை வைத்துத் தேய்த்துப் பார்ப்பார். கால்சட்டை விளிம்புக்கும் ஷூவுக்கும் நடுவே ஸ்கேலை நுழைப்பார். பெல்ட் இருக்கக் கூடாது, மோதிரம் இருக்கக் கூடாது, நகம் வளர்ந்திருக்கக் கூடாது. ஐம்பது வயது ஆம்பளைகள் அவர் முன்னால் கையைக் கவிழ்த்து நீட்டிக்கொண்டு நிற்பார்கள். பார்க்கவே எரிச்சலாக இருக்கும்.

அன்றைக்கு மூவரில் ஒருத்தி அவர் மகள் ஜனெல். முப்பத்து நான்கு வயது. பதினொரு வருஷமாக விசில் ஊதுகிறாள். எங்கள் கூட்டமைப்பின் ஆண்கள் இறுதி ஆட்டத்தை இதுவரை எந்தப் பெண்ணும் நடத்தியதில்லை. அடுத்த சனிக்கிழமை நடக்கப்போகும் இறுதி ஆட்டத்துக்கு மூன்று பேரைச் செவ்வாய்க்கிழமை அறிவிப்பார்கள். இந்த முறை கிடைக்காவிட்டால் அவளுக்கு அப்புறம் எப்போது என்று சொல்ல முடியாது. ஏனென்றால் அவள் வயிற்றில் அப்போது ஐந்து மாதம்.

அது அவளுக்குத் தெரியும், அவள் புருஷன் கர்ட்டுக்குத் தெரியும், அம்மா ஆர்லீனுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். டாக்டர் ஓடலாம் என்று சொல்லியிருந்தார். வென்டலுக்கு மட்டும் சொல்லவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. அவளுக்கு இதற்கு முன்பு இரண்டு தடவை கரு கலைந்துவிட்டது. இரண்டாவது தடவை ஆஸ்பத்திரியிலிருந்து வந்து அவள் படுத்திருந்த அறை வாசலில் நின்று இந்த மனிதர் சொன்னார், "சீசன் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே முடிஞ்சுதே, அந்த மட்டுக்கும் நல்லது." நான் சூப் கிண்ணத்தோடு பக்கத்தில் நின்றேன். அதை அவர் தலையில் கொட்டாமல் விட்டதற்கு இன்றைக்கும் வருத்தப்படுகிறேன்.

ஆட்டத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே ஜனெல் பள்ளியின் பின்வாசல் வழியாக நான் இருந்த சமையலறைக்குள் வந்துவிட்டாள். அவர்கள் பண்ணையில் கன்று போடும் காலம். முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுத் தேய்த்தாள், நகத்துக்குள் பிரஷ் விட்டாள்.

"விடியறதுக்கு முன்னாடி ஒண்ணு, எட்டு மணிக்கு ஒண்ணு, அத்தை. ரெண்டாவது கன்னு தலை பின்னால மடங்கி, கால் மட்டும் முன்னால வந்துடுச்சு. கர்ட்டு சங்கிலி போட்டு இழுத்தான், நான் தலையைத் திருப்பினேன்."

"இந்த நேரத்துல நீ மாட்டுக்குள்ள கையை விடணுமா?"

"மாடு நேரம் பார்த்துட்டா போடுது?" என்று சிரித்தாள். "சட்டை சரியா இருக்கா பாருங்க. குனிஞ்சா வெளிய வந்துடுது."

அந்தச் சட்டை ஆர்லீனின் கைவேலை. கூடைப்பந்து நடுவர் சட்டையில் முன்னும் பின்னும் கறுப்பு வெள்ளைக் கோடு, இரண்டு பக்கமும் முழுக் கறுப்புப் பட்டை. கோட்டில் கத்தரி வைத்தால் காட்டிக் கொடுத்துவிடும். ஆர்லீன் கெட்டிக்காரி. பக்கத்துக் கறுப்புப் பட்டையைப் பிரித்து நடுவில் அதே கறுப்புத் துணியைக் கொடுத்து அகலமாக்கியிருந்தாள். கால்சட்டை இடுப்பில் இலாஸ்டிக் வைத்தாள். எல்லாம் அவள் வீட்டுச் சமையலறை மேசையிலேயே, எதிரில் வென்டல் காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போதே நடந்தது. என்ன தைக்கிறாய் என்று கேட்டிருக்கிறார். திரைச்சீலை என்றிருக்கிறாள். வீட்டில் கோடு போட்ட திரைச்சீலை எங்கே தொங்குகிறது என்று அவர் தேடவில்லை.

ஜனெல் சட்டையை இன் பண்ணிக்கொண்டு, மேல்கோட்டை மாட்டிக்கொண்டு, மற்ற இருவரோடும் சேர்ந்து முன்வாசல் வழியாக முறைப்படி வந்தாள். அவர்களில் ப்ரென்ட் என்பவன் இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட். தலைமுடி கலையும் என்று ஓடவே மாட்டான். அவன் ஷூவில் முகம் பார்க்கலாம். வென்டல் அவனை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பெருமூச்சு விட்டார்.

"பத்தொன்பது," என்றார். "இருபது நான் யாருக்கும் போடறதில்ல. போட்டா கெட்டுப் போயிடுவாங்க."

பிறகு மகள் முன்னால் வந்து நின்றார். ஷூ பார்த்தார், நகம் பார்த்தார். மேல்கோட்டைத் திறக்கச் சொன்னார். ஸ்கேலை எடுத்துச் சட்டையின் பக்கத்தில் வைத்தார்.

"பக்கப் பட்டை மூணு அங்குலம் இருக்கணும். இது அஞ்சேகால் இருக்கு."

"துவைச்சதுல விரிஞ்சிருக்கும்பா."

"துணி சுருங்கும். விரியாது."

"அப்ப சட்டை பழசாயிடுச்சு."

"சட்டையச் சொல்லாத, ஜனெல். உள்ள இருக்கறதச் சொல்லு. போன மாசத்துலேருந்து கவனிச்சுட்டு வர்றேன். ஒவ்வொரு வாரமும் இடுப்பு ஏறிட்டே போகுது. நடுவர்னா ஜனங்க முதல்ல பார்க்கறது இடுப்பத்தான்."

பின்னால் சில்லிக்கு வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் கேட்டார்கள். ஜனெல் மேல்கோட்டின் ஜிப்பைக் கழுத்து வரைக்கும் இழுத்துவிட்டு உள்ளே போனாள்.

இந்த மாவட்டத்தில் பிறந்தவன் எவனும் ஓடுகிற வண்டியிலிருந்தே வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கும் கிடாரிக்கு எத்தனை மாதச் சினை என்று சொல்லிவிடுவான். வென்டலும் சொல்லுவார். கடைக்கு வருகிறவர்களிடம் அதைச் சொல்லியே பேர் வாங்கியவர். அந்தக் கண்ணுக்கே, பெற்ற மகளின் வயிற்றருகே ஸ்கேலை வைத்துப் பார்த்தும் தெரியவில்லை. படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை, அவ்வளவுதான் காரணம்.

ஆட்டம் நன்றாகவே போனது. கடைசி நிமிஷத்தில் ஒரு புள்ளிதான் வித்தியாசம். எங்கள் பையன் ஒருவன் பந்தோடு பாய்ந்து எதிராளி மேல் மோதினான். இரண்டு பேரும் விழுந்தார்கள். பக்கத்திலிருந்த ப்ரென்ட் விசிலை வாயில் வைத்துக்கொண்டு வேறு யாராவது ஊதட்டும் என்று நின்றான். ஜனெல் அந்தக் கோடியிலிருந்து ஓடி வந்து, எதிராளி முன்பே நின்றுவிட்டான், மோதியது எங்கள் பையன் என்று கையைக் காட்டினாள். எங்கள் ஊர் தோற்றது. அப்படியும் எங்கள் பயிற்சியாளர் உட்பட ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவள் சொன்னது சரி என்று கூடத்தில் எல்லாருக்கும் தெரிந்தது. ஆனால் ஓடி வந்ததில் சட்டையின் ஒரு முனை வெளியே வந்துவிட்டது. வென்டல் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொண்டார்.

ஆட்டம் முடிந்ததும் படிவத்தைக் கூட்டமைப்புத் தலைவர் ஹார்லன் டீட்ஸ் கையில் அங்கேயே கொடுத்துவிட்டு, தனக்கென்று வைத்த நகலோடு என் கடைக்கு வந்து இரண்டு கிண்ணம் சில்லி சாப்பிட்டார். நான் அவருக்கு இலவங்கப்பட்டை ரொட்டி தீர்ந்துவிட்டது என்று சொன்னேன். எதிரில் தட்டில் ஒரு டஜன் இருந்தது.

மறுநாள் ஞாயிறு மதியம் ஆர்லீன் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். வறுத்த பன்றி, புளித்த முட்டைக்கோஸ், மாவு உருண்டை, அதன்மேல் குழம்பு. கர்ட் கன்றுகளைப் பார்த்துக்கொள்ள பண்ணையில் நின்றுவிட, ஜனெல் மட்டும் வந்திருந்தாள். இரண்டாவது உருண்டைக்கு அவள் கை நீட்டியதும் வென்டல் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"போதும்."

"என்ன போதும்?" என்றாள் ஆர்லீன்.

"ஒன்பது போட்டிருக்கேன் இவளுக்கு. இருபதுக்கு ஒன்பது. பெத்த அப்பன் கையால. எனக்கு எப்படி இருந்திருக்கும்னு நினைக்கிறீங்க?" சட்டைப் பையிலிருந்து நகலை எடுத்து மூக்குக்கண்ணாடியை மாட்டினார். "சட்டை பக்கப் பட்டை அளவு மீறல், மூணு. சட்டை வெளியே வந்தது, ரெண்டு. இடுப்பும் வயிறும் கட்டுப்பாடு இல்லாத தோற்றம், ஆறு."

"சாப்பிடற இடத்துல எதுக்கு அதைப் படிக்கிற?"

"சாப்பிடற இடத்துலதான் படிக்கணும், ஆர்லீன். அங்கதானே வந்தது அது."

"வென்டல்," என்றேன் நான், "அந்தக் கடைசி மோதல்ல அவ குடுத்த முடிவு சரியா தப்பா?"

"எது?"

"கடைசி நிமிஷம். நம்ம பையன் மோதினது."

"அதுக்கு வேற கட்டம் இருக்கு. எழுபது போட்டாச்சு."

"ப்ரென்டுக்கு?"

"அவனுக்கும் எழுபதுதான். நான் பாரபட்சம் பார்க்கறதில்ல."

ஆர்லீன் முள்கரண்டியைத் தட்டில் வைத்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் ஜனெல் முந்திக்கொண்டாள். குரலை உயர்த்தவே இல்லை.

"அப்பா, நான் அஞ்சு மாசம் முழுகாம இருக்கேன்."

வென்டல் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். முதலில் மகளை, பிறகு பெண்டாட்டியை, பிறகு என்னை. எங்கள் முகத்தைப் பார்த்தே புரிந்திருக்க வேண்டும்.

"மேவிஸுக்குக்கூடத் தெரியுமா?"

"தெரியும்."

"எனக்கு மட்டும் ஏன் சொல்லல?"

பதில் அவருக்கே தெரிந்திருக்க வேண்டும், தெரியவில்லை. கோஸைக் கிளறிக்கொண்டிருந்தார். கண்ணில் நீர் கட்டியது என்று நினைக்கிறேன். எனக்கே ஒரு நொடி இரக்கம் வந்தது. வந்தது வீண். நிமிர்ந்து என்ன கேட்டார் தெரியுமா?

"அப்ப அந்த ஆறு மதிப்பெண் தப்பு. பட்டைக்கும் காரணம் இருக்கு. சட்டை வெளிய வந்ததுக்கும் இதான். படிவமே தப்பாயிடுச்சே."

"அப்படியே இருக்கட்டும்பா."

"எப்படி இருக்கட்டும்? தப்பான காரணத்த எழுதி என் கையெழுத்துப் போட்டிருக்கேன். நாளைக்குக் காலையில ஹார்லனுக்கு போன் பண்ணி..."

"பண்ணாதீங்க." அவள் கையை நீட்டி அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். "நல்லாக் கேளுங்க. குண்டுன்னா இந்தப் பதினொண்ணு மட்டும்தான் குறையும். மத்த ஆட்டங்கள்ல மத்த பார்வையாளருங்க எல்லாம் எனக்கு நல்லாப் போட்டிருக்காங்க, கூட்டிப் பார்த்தா மூணாவதா வந்துடுவேன். புள்ளதாச்சின்னு தெரிஞ்சா மார்க்கே பார்க்க மாட்டாங்க. பாவம், விழுந்துடுவா, ஏதாவது ஆயிடும்னு கையெடுத்துக் கும்பிட்டு வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. எனக்கு இந்த ஒரு ஆட்டம் வேணும். அதுக்கப்புறம் நானே சொல்றேன்."

"அப்ப நான் என்னதான் எழுதறது?"

"எழுதினது எழுதினதாவே இருக்கட்டும். குண்டுன்னே இருக்கட்டும்."

"உன்னப் பத்தி அப்படி ஊர்ல நினைக்கலாமா?"

"நேத்து வரிசையில நின்னவங்க முன்னாடி நீங்கதானே சொன்னீங்க. அப்ப நினைக்கலாம்னா இப்பவும் நினைக்கலாம்." அவள் கையை விடவில்லை. "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சொல்லுங்க."

"சரி."

"சொல்லுங்க."

"சொல்ல மாட்டேன்," என்றார் வென்டல். ஆர்லீன் எழுந்து கிண்ணத்தை அவர் பக்கத்திலிருந்து எடுத்து மகள் பக்கத்தில் வைத்தாள்.

திங்கட்கிழமை பனி கொட்டியது. சாலை பாதிதான் திறந்திருந்தது. காலை ஒன்பது மணிக்கு வென்டல் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போவதை என் சன்னலிலிருந்து பார்த்தேன். கூட்டுறவுக் கிடங்கில் கிழவர்களோடு காப்பி குடிக்கப் போகிறார் என்று நினைத்துக்கொண்டேன். திரும்பி வர நான்கு மணி ஆனது.

செவ்வாய்க்கிழமை மதியம் நான் ஆர்லீன் வீட்டில் இருந்தேன். சாவு வீடு ஒன்றுக்காகக் கோலாச்சே என்ற இனிப்பு ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தோம். அவள் மாவு உருண்டையின் நடுவில் கட்டை விரலால் குழி போட, நான் அதில் கொடிமுந்திரிப் பசையை வைத்தேன். வெளியே ஜனெலின் வண்டி வந்து நின்றது. அவள் சேறு ஒட்டிய பூட்ஸைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஹார்லன் போன் பண்ணினார்மா."

ஆர்லீன் விரலை மாவிலேயே வைத்தபடி நின்றாள்.

"வாழ்த்துச் சொன்னார். அவர் பெண்டாட்டி குழந்தைக்குப் போர்வை பின்னித் தர்றாளாம். உடம்பைப் பார்த்துக்கம்மா, ஆட்டம் எங்க போயிடப் போகுதுன்னார். என் இடத்துல ப்ரென்டப் போட்டிருக்காங்க."

அப்போது வென்டல் முன்னறையிலிருந்து வந்தார். மகளின் குரல் கேட்டிருக்கிறது. முகமெல்லாம் சிரிப்பு. கையில் புதுப் படிவம், ஓரம் மடங்காமல் இருக்க அட்டைக்குள் வைத்திருந்தார்.

"நானே உன் வீட்டுக்குக் கொண்டு வரலாம்னு இருந்தேன்," என்றார். "நேத்து நாப்பது மைல் போயிட்டு வந்தேன், அந்தப் பனியில. ஹார்லன் முதல்ல ஒத்துக்கல. குடுத்த படிவத்த மாத்த முடியாதுன்னார். நான் விடல. காரணத்தச் சொன்னேன். இங்க பாரு." படிவத்தை மேசைமேல் மாவுக்குப் பக்கத்தில் வைத்து விரலால் காட்டினார். "இருபதுக்கு இருபது. அஞ்சு வருஷத்துல நான் யாருக்கும் போட்டதில்ல."

ஜனெல் அதைப் பார்த்தாள்.

"சொல்ல மாட்டேன்னீங்களே."

"ஊர்ல யார்கிட்டயும் சொல்லல. ஹார்லன்கிட்ட மட்டும்தான். அதுவும் ஆபீஸ் விஷயமா."

"எனக்கு ஆட்டம் போச்சுப்பா."

"அது வேற. அது அவங்க உன் மேல அக்கறையில எடுத்த முடிவு. அதுக்கும் தோற்றத்துக்கும் சம்பந்தம் இல்ல. உன் பேர்ல இப்ப ஒரு களங்கமும் கிடையாது, அதைப் புரிஞ்சுக்க."

ஆர்லீன் சொன்னாள், "வாய மூடு, வென்டல்." நாற்பது வருஷத்தில் அவள் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

ஜனெல் எழுந்தாள். அழவில்லை. கோட்டைச் சரிசெய்துகொண்டு அப்பாவைப் பார்த்து ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்.

"எனக்கு உங்க மேல கோபம்கூட வரலப்பா. கோபப்படறதுக்கு எதிர்ல ஒரு ஆள் இருக்கணும். குழந்தை பொறந்ததும் அம்மா உங்களுக்குச் சொல்லுவாங்க. அதுக்கு முன்னாடி நீங்க வர வேணாம், போன் பண்ண வேணாம். பொறந்த பிறகு எப்ப வரலாம்னு நான் சொல்றேன். சொல்லாமயும் போகலாம்."

அம்மாவின் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள், என் தோளைத் தொட்டாள், போனாள். வண்டி பனியில் சக்கரம் சுற்றிப் பிறகு பிடித்துக்கொண்டு கிளம்பியது. ஆர்லீன் தட்டை அடுப்புக்குள் தள்ளிவிட்டு, மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வென்டல் படிவத்தில் ஒட்டிய மாவை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்தார். முதல் தடவையாக அவர் முகத்தில் பயம் தெரிந்தது.

"மேவிஸ்," என்றார், "டாக்டர் எந்தத் தேதி குடுத்திருக்கார்?"

ஜூன் இரண்டாவது வாரம். பெண் குழந்தை. எனக்கு இரண்டும் தெரியும். நான் கையைத் துடைத்துக்கொண்டு, கோட்டை மாட்டிக்கொண்டு, என் வீட்டுக்குப் போனேன்.